மனை விவரம் எழுதுகிறீர்களா? முதலில் துணைத்தலைப்புகளை எழுதுங்கள்

கையில் ஒரு கிரையப் பத்திரம் வந்தால், மனை, வீடு விற்றுத் தரும் நம் தொழிலில் யாரும் அதை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. விரல் தானாகப் பின்பக்கங்களுக்குப் போய், ‘சொத்து விவரம்’ என்று நடுவில் எழுதியிருக்கும் இடத்தைத் தேடும். கிராமம், சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாம் அதற்குக் கீழே இருக்கும். ஐந்து நிமிடத்தில் சொத்து பிடிபட்டுவிடும். யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம் எது என்று முன்பக்கங்களைப் புரட்டுவது அதற்கு அப்புறம்தான்.

இருபது, முப்பது பக்கப் பத்திரத்தில் அந்த ஒரு தலைப்பு மட்டும் இல்லையென்றால் நாம் எவ்வளவு திணறுவோம்! அப்படிப்பட்ட எழுத்தைத்தான் வாங்க வருகிறவர்களுக்கு நாம் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திருச்சி சுற்றுவட்டாரத்தில் 16 வருடமாக மனை, வீடு வாங்கி விற்றுத் தருகிறேன். கடந்த ஆறேழு வருடமாக ஒவ்வொரு சொத்துக்கும் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு விவரக் கட்டுரை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். ஆரம்பத்தில் எழுதிய ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. லால்குடி பக்கம் ஒரு மனை. பட்டாவிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். துபாயில் வேலை செய்யும் ஒருவர் அதைப் படித்துவிட்டு அன்று இரவே கூப்பிட்டார். பதினோரு கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் பதில் நான் அனுப்பியதிலேயே இருந்தது. அவரிடம் குறை இல்லை. வேலை முடிந்து அறைக்கு வந்த மனிதர், போனில் இரண்டு பக்கத்தை ஒரே பாராவாகப் பார்த்தால் எதைத் தேடுவார்? அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, எழுதினால் மட்டும் போதாது, தேடுகிறவர் கண்ணுக்குத் தட்டுப்படும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று.

முதல் சொல்: எதைத் தேடுகிறாரோ அதையே வையுங்கள்

திரையில் படிக்கும் கண், வரிகளின் தொடக்கத்தைத்தான் அதிகம் தொடுகிறது. இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சனின் குழு 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது இது தெரியவந்தது. மேலே உள்ள ஒன்றிரண்டு வரிகளை ஓரளவு முழுதாகப் படிக்கிறார்கள். கீழே போகப் போக, ஓரத்தில் இருக்கும் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படுகின்றன.

தமிழில் எழுதும் நமக்கு இது கொஞ்சம் கூடுதலான சிக்கல். நம் வாக்கிய அமைப்பில் முக்கியமானது கடைசியில் வந்து உட்காரும். ஒரு நண்பர் எழுதியிருந்த துணைத்தலைப்பு இது: ‘இந்த மனையை வாங்க விரும்புவோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பட்டா விவரங்கள்’. போனில் மூன்று வரி பிடிக்கிறது. ‘பட்டா’ என்ற சொல் மூன்றாவது வரியில் இருக்கிறது. அவருடைய கட்டுரையில் இருந்த ஐந்து துணைத்தலைப்புகளும் ‘இந்த மனையை’ என்றே ஆரம்பித்தன. இடது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஐந்தும் ஒன்றுதான்.

‘பட்டா: விற்பவர் பெயரில் தனிப்பட்டா’ என்று மாற்றினோம். நான்கே சொல். கீழே உள்ள பாராவை ஒருவர் படிக்காமலே போனாலும் அவருக்கு வேண்டிய விஷயம் கிடைத்துவிடுகிறது. பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப்பட்டா என்றால் அதையும் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால், பத்திர ஆபீஸ் வாசலில் அது வெளியே வரும்.

சொற்களை வாங்குகிறவர் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘வருவாய்த்துறை ஆவணங்கள்’ என்று யாரும் போனில் கேட்பதில்லை. “பட்டா இருக்கா, வில்லங்கம் ஏதாவது இருக்கா, ரோடு எத்தனை அடி, லோன் கிடைக்குமா, மொத்தமா என்ன செலவாகும்?” இப்படித்தான் கேட்கிறார்கள். ஒரு வாரம், வரும் அழைப்புகளில் கேட்கப்படும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் துணைத்தலைப்புகள் அந்த நோட்டிலேயே இருக்கும்.

வில்லங்கமும் அங்கீகாரமும்: தலைப்பு பொய் சொல்லக் கூடாது

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துணைத்தலைப்பைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள் என்றால், நாம் கொடுக்கும் வாக்கும் அதுதான். கீழே சிறிய எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது.

‘வில்லங்கம் இல்லை’ என்று தலைப்புப் போடுகிறோம். நமக்குத் தெரிந்தது என்ன? ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், அதில் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான். பதிவு செய்யாத அக்ரிமென்டோ, வாய்வழியாக நடந்த பாகப்பிரிவினையோ அந்தச் சான்றில் வராது. அதனால் நான் ‘வில்லங்கச் சான்று: 1985 முதல் இன்றுவரை பார்த்தது’ என்ற மாதிரி எழுதுகிறேன். நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து “நீங்கள்தானே இல்லை என்றீர்கள்” என்று கேட்க முடியாது. அதைவிட முக்கியம், வாங்குகிறவர் தன் வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்.

‘அப்ரூவ்டு மனை’ என்ற தலைப்பு இன்னும் மோசம். என்ன அப்ரூவல்? நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, லேஅவுட்டுக்கு, அதாவது மனைப்பிரிவுக்கு, கொடுத்த அனுமதி ஒன்று. அனுமதி இல்லாமல் பிரித்து விற்கப்பட்டு, 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்காக 2017-இல் வந்த விதிகளின்படி வரன்முறைப்படுத்தப்பட்டது இன்னொன்று. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்டது மூன்றாவது. லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்க ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. மூன்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டால், இருபது வருடச் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கிற குடும்பம் எதை வாங்குகிறோம் என்றே தெரியாமல் கையெழுத்துப் போடும். ‘அங்கீகாரம்:’ என்று எழுதி, பக்கத்திலேயே அது எந்த வகை என்று சொல்லுங்கள். அனுமதி எண்ணையும் போடுங்கள்.

வீடு, மனைத் திட்டங்களின் விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2016-இல் வந்த அந்தச் சட்டப்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டங்களுக்குப் பதிவு வேண்டும். நம் கணக்கில் அது சுமார் 12.36 சென்ட். விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் மனை விற்றுத் தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முகவர் வாயால் சொன்னாலும் எழுத்தில் கொடுத்தாலும் பொய்த் தகவல் கூடாது என்று பிரிவு 10 சொல்கிறது. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’, ‘லோன் உறுதி’ என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவு என்ற தலைப்பும் முக்கியம். பத்திரத்தில் சென்ட் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும், நாம் பேசுவது சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் சுமார் 1,076 சதுர அடி. மூன்று கணக்கையும் ஒரே இடத்தில் எழுதினால் வித்தியாசம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். செலவு என்றும் ஒரு தலைப்பு கட்டாயம் வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டால், 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் தனியாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கேள்விப்பட்டு, நகையை அடகு வைக்க ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆசிரியர் வீடு வாங்குவதற்காக என்னிடம் வந்தார். பார்வையில்லாதவர். நான் அனுப்பும் விவரங்களை திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற வசதியை போனில் வைத்துக் கேட்பார். ஒருநாள் என் ஆபீஸில் உட்கார்ந்து, எப்படிக் கேட்கிறார் என்று காட்டினார். முதலில் வேறு ஒரு பக்கத்தைத் திறந்தார். வாசிப்பு அமைப்பை ‘தலைப்புகள்’ என்று வைத்துவிட்டு விரலைக் கீழே இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்த துணைத்தலைப்பைக் குரல் சொன்னது. நாலு இழுப்பில் வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார். அப்புறம் என்னுடையதைத் திறந்தார். இழுத்தார். தலைப்பே இல்லை என்றது குரல். பளிச்சென்று தடித்த எழுத்தில் நான் போட்டிருந்தது எதுவும் அதற்குத் தலைப்பாகத் தெரியவில்லை.

“சார், தண்ணி வசதி என்னன்னு தெரிஞ்சுக்க நான் முழுசா ஆறு நிமிஷம் கேட்கணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

விஷயம் எளிது. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. மேலே ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் கருவிக்கும் அது தலைப்பு. கட்டுரையின் பெயருக்கு 1, பெரிய பிரிவுகளுக்கு 2, அதற்குள் பிரிந்தால் 3. எழுத்து அழகாக இருக்கிறது என்று 2-லிருந்து 4-க்குத் தாவக் கூடாது; கேட்கிறவருக்கு நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்பில் இந்த வசதி இல்லை. அங்கே தலைப்பைத் தனி வரியில் வைத்து, மேலே ஒரு வரி இடைவெளி விட்டு அனுப்புகிறேன். பெரிய விவரம் என்றால் பக்கத்தின் இணைப்பை அனுப்புகிறேன்.

வழி: கீழே எழுத ஒன்றும் இல்லாதபோது

இப்போது நான் எழுத உட்கார்ந்தால் முதலில் துணைத்தலைப்புகளை மட்டும் எழுதிவிடுகிறேன். அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று, அளவு, வழி, தண்ணீர், செலவு. பிறகு ஒவ்வொன்றின் கீழும் தெரிந்ததை எழுதுவேன். இப்படி எழுதும் பழக்கம் எனக்கு என்ன செய்தது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன்.

ஆறு சென்ட் இடம், லேஅவுட்டில் சேராத தனி நிலம். விற்பவர் நல்ல மனிதர். “இருபது அடிப் பாதை இருக்குண்ணே, லாரியே வரும்” என்றார். நேரில் போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே லாரி வரும். ஊருக்குத் திரும்பி வந்து ‘வழி: 20 அடிப் பாதை’ என்று தலைப்பு எழுதினேன். கீழே எழுத வேண்டிய முதல் வாக்கியம், அந்தப் பாதை யாருடையது என்பது. எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தை எடுத்தேன். சொத்து விவரத்தில் மேற்கெல்லை என்று பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இருந்தது. பாதை என்ற சொல்லே இல்லை. நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் என்று ஒரு வரியும் இல்லை. நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் பாதை கிடையாது. பக்கத்து நிலத்துக்காரரின் அப்பா காலத்திலிருந்து, உறவுமுறையில் விட்டு வைத்த வழி அது.

முன்பெல்லாம் நான் எழுதிய மாதிரி ஒரே பாராவாக எழுதியிருந்தால், ‘20 அடிப் பாதை வசதியுடன் கூடிய’ என்று ஒரு அடைமொழியாக அது உள்ளே போயிருக்கும். நானும் கவனித்திருக்க மாட்டேன், வாங்குகிறவரும் கேட்டிருக்க மாட்டார். வீடு கட்டி முடித்து, பக்கத்து நிலம் கைமாறி, புது ஆள் வேலி போட வரும் நாளில்தான் தெரிந்திருக்கும்.

விற்பவரைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். முதலில் அவருக்கு வருத்தம்தான். பிறகு பக்கத்து நிலத்துக்காரரிடம் அவரே போய்ப் பேசினார். இரண்டு தடவை பேச்சு முறிந்தது. சர்வேயரை வைத்து அளந்து, ஒரு தொகை பேசி, பாதைக்கென்று தனியாகப் பத்திரம் பதிவு செய்ய மூன்று மாதம் ஆனது. அதுவரை அந்த விவரத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. நாலாவது மாதம் அனுப்பியபோது அந்தத் தலைப்பு ‘வழி: மேற்கே 16 அடி, பதிவான பத்திரம் உண்டு’ என்று இருந்தது. கீழே பத்திர எண்ணும் வருடமும் எழுதினேன். வாங்கியவர் போனில் என்னிடம் வழியைப் பற்றிக் கேட்கவே இல்லை.