ஃபோல்டர் பெயரில் கை வைக்காதீர்கள்

கோவையில் கார் பந்தய சிமுலேட்டர் மையம் நடத்துகிறேன். வரும் பிள்ளைகளில் பலர் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளத் தாங்களே செய்த கார், தடம் போன்ற மோட்களைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள். செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. 2005-லேயே ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். இங்கே இந்த ஆர்வம் இல்லாவிட்டால்தான் வியப்பு. ஆனால் ஒரு ஃபோல்டர் பெயரால் கல்லூரிப் போட்டியே நின்றுபோனால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தப் போட்டிக்காக, அசெட்டோ கோர்சா என்ற கணினிப் பந்தய விளையாட்டுக்கு ஒரு தம்பி கார் செய்திருந்தார். நல்ல வேலை, கதவு இடுக்கில்கூட உழைப்பு தெரிந்தது. ஜிப் செய்யும்போது மட்டும் ஃபோல்டர் பெயரின் வாலில் 'நியூ ஃபைனல்' என்று ஒட்டிவிட்டார். எங்களிடம் கார் பட்டியலில் வந்தது, படம் தெரிந்தது, தடத்தில் இறங்க மறுத்தது. "பெயரைத்தானுங்க அண்ணா மாற்றினேன், எங்கள் வீட்டில் ஓடுகிறதுங்க" என்றார். வீட்டில் பழைய பெயரிலேயே இருக்கிறது, ஓடாமல் என்ன செய்யும்?

இதை எத்தனை முறை சொல்வது! அந்தப் பெயர் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு அல்ல. காரின் எடை, எஞ்சின் விசை, டயர் பிடிமானம் எல்லாம் 'டேட்டா.ஏசிடி' என்ற ஒரே ஃபைலில் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி ஃபோல்டரின் பெயரிலிருந்தே உருவாகிறது. ஓர் எழுத்து மாறினாலும் திறக்காது. ஒலி ஃபைலும் அதே பெயரைத்தான் தேடும். அதை மறந்தால் கார் ஊமை. அழகான பெயர் வேண்டுமா? பட்டியலில் காட்டும் பெயருக்கென்று தனி ஃபைல் இருக்கிறது, அதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. விளையாட்டோடு வரும் அபார்த் 500 காரின் டயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் அதே ஃபோல்டராகவே கொடுப்பது. போட்டுக்கொண்டவரின் அசல் கார் போயிற்று. ஆன்லைன் சர்வர் ஃபைலை ஒப்பிட்டுப் பார்த்து அவரை வெளியே தள்ளும். அவர் பாவம், இணையத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். விளையாட்டை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை இயக்கினால் அசல் திரும்பிவிடும். ஆனால் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

புதிய கார் என்றால் புதிய பெயர், வேலையைத் தொடங்கும் நாளிலேயே. ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு போதும், இடைவெளி வேண்டாம். வெளியிட்ட பிறகு அதைத் தொடவே தொடாதீர்கள். பதிப்பு எண்ணைப் பட்டியல் பெயர் இருக்கும் அந்த ஃபைலுக்குள் எழுதுங்கள்.

தடம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையை ஒருவர் செய்து வந்தார். 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, அடுத்த நிமிடம் திரை திக்கித் திணறியது. ஒவ்வொரு பலகைக்கும் நீளமும் அகலமும் 4096 பிக்சல் அளவில் சுருக்கப்படாத படம்! ஒன்றுக்கு 64 எம்பி. நாற்பதுக்கும் சேர்த்து 2.5 ஜிபி. வண்டி கடக்கும் ஒரு நொடியில் யார் பெயிண்ட் கீறலைப் பார்க்கப் போகிறார்கள்? 1024 அளவில், டிஎக்ஸ்டி1 என்ற படச் சுருக்க முறையில் வைத்தால் மொத்தமே 20 எம்பிதான். பிறகு, கணினி ஓட்டும் கார்களுக்கான வழித்தட ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் தனியாகத்தான் மலையேற வேண்டும்.

கொடுக்குமுன், மோட் எதுவும் போடாத சுத்தமான விளையாட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டருக்கான எழுத்துரு கார் ஃபோல்டருக்குள் இருக்காது, வேறிடத்தில் இருக்கும். பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். நிறுவுவதற்கென்று .இஎக்ஸ்இ ஃபைல், அதாவது திறந்ததும் இயங்கும் நிரல், வைக்காதீர்கள், அப்படி வந்தால் நான் திறக்கவே மாட்டேன்.

கடைசியாக, அடுத்தவர் பொருள். வேறு விளையாட்டிலிருந்து உருவிய காரையும், 2016-ல் காசுக்கு வந்த போர்ஷே தொகுப்பின் கார்களையும் முழுதாக ஜிப் செய்து பரப்புவது திருட்டு. இலவசமாகக் கொடுத்தாலும் திருட்டுதான். அந்த போர்ஷே கார்களுக்கு நீங்கள் வரைந்த வண்ணப்பூச்சை மட்டும் கொடுங்கள். இன்னொரு மோட் செய்தவரின் சக்கரம் பிடித்திருந்தால் அவரிடம் கேளுங்கள் கண்ணுகளா, பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கூச்சமாக இருந்தால் மையத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.