வெளிநாட்டு நீலப் பூவும் நம் வீட்டு வெங்காயக் கூடையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பூச்செடி நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். மார்ச், ஏப்ரல் வந்தால் தோட்டங்களிலிருந்து வரும் அம்மாமார்கள், கனடாவிலோ இங்கிலாந்திலோ படிக்கும் பிள்ளை அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் காட்டுவார்கள். “ஐயா, இது என்ன பூ? கிழங்கு கொண்டுவரச் சொல்லட்டுமா?” கிழங்கு வேண்டாம்மா என்பதுதான் என் பதில். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூவைப் பார்ப்போம்.

வட அமெரிக்காவில் பனி உருகியதும் புல்வெளியை நீலமாக்குவது பெரும்பாலும் சைபீரிய ஸ்கில்லா. தென்மேற்கு ரஷ்யா, காக்கசஸ், துருக்கிப் பகுதிகளைச் சேர்ந்தது. அழகுக்கென்று வீட்டுத் தோட்டத்தில் நட்டது, விதையாலும் பக்கக் கிழங்காலும் பெருகி வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. சாண் உயரம்கூட வராது. பூ தலைகுனிந்து நிற்கும். இதழ்கள் ஆறு; ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்நீலக் கோடு. பூவை விரலால் நிமிர்த்தினால் மகரந்தமும் நீலமாக இருப்பது தெரியும். அதில் உட்கார்ந்து எழும் தேனீயின் கால்களிலும் அந்த நீலம் ஒட்டியிருக்கும்!

பூ வானத்தைப் பார்த்து நின்று, நடுவில் வெள்ளையாக இருந்தால் அது கியோனோடாக்ஸா. வாய் குறுகிய குட்டிப் பானைகள் திராட்சைக் குலைபோல் நெருங்கியிருந்தால் மஸ்காரி. இங்கிலாந்துக் காட்டில் தண்டு ஒரு பக்கமாக வளைந்து, மகரந்தம் வெளிர்மஞ்சளாக இருந்தால் அந்த மண்ணுக்கே உரிய புளூபெல். தண்டு நேராக நின்று சுற்றிலும் பூத்திருந்தால், வெளியிலிருந்து வந்த ஸ்பெயின் புளூபெல். இரண்டும் கலந்து பிறந்தவையும் ஏராளம் என்பதால், தூரத்துப் புல்வெளிப் படத்தை வைத்து யாரும் பெயர் சொல்ல முடியாது. பூவின் உட்புறம், தண்டு, இலை மூன்றையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி கிழங்குக்கு வருவோம். ஸ்கில்லாக் கிழங்குக்கு ஊதா கலந்த பழுப்புத் தோல். சின்ன வெங்காயத்தோடு கிடந்தால் கண்ணுக்குத் தனித்துத் தெரியாது. நறுக்கினால் வெங்காய வாடை வராது, அவ்வளவுதான் வேறுபாடு. சமையல் அவசரத்தில் யார் முகர்ந்து பார்க்கிறார்கள்? நாம் மருந்துச் சரக்காக அறிந்த நரிவெங்காயத்தின் குடும்பம் இது. அதைப் போலவே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இதிலும் உண்டு. புளூபெல்லும் நஞ்சுதான். சங்குப்பூவைப் பிழிந்து நாசி கெராபு என்னும் நீலச் சோறு சமைக்கும் நாட்டில், நீலப் பூ என்றாலே வாய்க்கு ஆகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பாடுபட்டுக் கொண்டுவந்தாலும் இங்கே பூக்காது. பூக்க வேண்டுமானால் அந்தக் கிழங்குக்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். பேராக் வெயிலிலும் மழையிலும் அழுகித்தான் போகும். நட்டு அழுகிய தொட்டியை என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு நூற்புழுவும் நோயும் வரக்கூடும். அதனால்தான் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இறக்குமதிக்கு அனுமதி கேட்கிறது. பெட்டியில் துணிக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவருவது குற்றம்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அடுப்படியிலிருந்து உடனே அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். என்ன கிழங்கு என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.