காலையில் மட்டும் அடம்பிடிக்கும் காடி

செந்தூலில் காலை ஆறரை மணி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. நாலாவது தடவைதான் கிளம்பியது. மதியம் அதே காடி தொட்டவுடன் கிளம்பிவிட்டது.

கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி இருக்கும். ஆனால் ஓடும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டி இருப்பதால், அதற்கு இதுவே குளிர்தான். பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஒரு பங்கு ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட முதலில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். 1985இல் வந்த முதல் புரோட்டான் சாகா போன்ற, கார்புரேட்டரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய வண்டிகளில், காற்றைக் குறைத்து அந்த வேலையைச் செய்தது சோக். பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில், அந்தத் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார் சொல்வதை நம்பி கணினி பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே 'சூடாக இருக்கிறது' என்று சென்சார் தப்பாகச் சொன்னால் பெட்ரோல் போதாது.

ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பலர் உடனே தீப்பொறி தரும் பிளக்கை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பல வண்டிகளில் பின்சீட்டுப் பக்கம், டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் இரண்டு நொடி உறுமி அடங்கும். அணைத்துவிட்டு இன்னும் இரண்டு தடவை அப்படியே செய்யுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். என் காடி உடனே பிடித்தது. அப்படியானால் பெட்ரோல் குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் ராத்திரியில் இறங்கிவிடுகிறது; பம்ப் மூன்று தடவை ஓடி அதை மறுபடி ஏற்றியது.

எங்கே இறங்குகிறது? பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து பெட்ரோல் டாங்குக்கே திரும்பலாம், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசியலாம், இன்ஜெக்டர் சொட்டலாம். சொட்டினால் பிளக் நனைந்திருக்கும், கிளம்பும்போது கரும்புகை வரும். என் பிளக்குகள் காய்ந்தே இருந்தன.

பட்டறையில் அண்ணன் ஒருவர் அழுத்தமானியை மாட்டினார். பம்ப் நின்றதும் முள் மளமளவென்று இறங்கியது. மறுபடி அழுத்தம் ஏற்றி, மானிக்கும் டாங்குக்கும் நடுவில் வரும் ரப்பர் குழாயைக் கிளாம்பால் நெரித்தார். முள் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா, டாங்குப் பக்கம்தான் இறங்குது. பெரும்பாலும் பம்ப் வால்வுதான்" என்றார்.