போல்ட் பின்னால் இருந்தால் பாதுகாப்பு அல்ல: ப்ரென் எல்.எம்.ஜி. பற்றி ஓர் ஆர்மரரின் வேண்டுகோள்

சில வாரங்களுக்கு முன் ஒரு பொதுக் கண்காட்சியில் பார்த்தேன். மேசைமேல் ஒரு ப்ரென் எல்.எம்.ஜி., அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலகு இயந்திரத் துப்பாக்கி, வைக்கப்பட்டிருந்தது. விளக்கம் சொல்ல நின்ற இளைஞர், முன்னாள் என்.சி.சி. மாணவர், போல்ட்டை இழுக்கும் கைப்பிடியான காக்கிங் ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, "பாருங்கள், போல்ட் பின்னால் வந்துவிட்டது, சேம்பர் காலி, இனி இது சுடாது" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னார். (போல்ட் என்பது தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உலோகக் கட்டை, சேம்பர் என்பது சுடும்போது தோட்டா இருக்கும் அறை.) பிறகு ஒரு சிறுமியின் விரலைப் பிடித்து ட்ரிகரில் வைத்தார். அது குழாயில், அதாவது பேரலில், துளை போடப்பட்ட பயிற்சித் துப்பாக்கி என்பதால் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போனது உண்மைக்கு நேர் எதிரான பாடம்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பழைய ஆயுதங்களை வைத்திருக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் நினைவு மண்டபங்களும் கூப்பிடும்போது போய்ப் பார்த்துச் சொல்கிறேன். போகும் இடமெல்லாம் இதே வாக்கியம். சொல்பவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இருப்பதில்லை. அதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

முதலில் இதைத் தெளிவாக்கிவிடுகிறேன். சாதாரண ரைஃபிளில் போல்ட் முன்னால் போய் மூடும்போதே தோட்டா சேம்பருக்குள் போய்விடுகிறது. ட்ரிகரை அழுத்துவது அதைப் பற்றவைக்க மட்டும்தான். எனவே ரைஃபிளில் போல்ட் திறந்து, சேம்பர் காலியாக இருந்தால், அந்த நொடியில் அது சுடாது. இந்தப் பழக்கத்தோடு ப்ரென்னிடம் வருகிறார்கள். ப்ரென்னில் சுடத் தயாரான நிலை என்பதே போல்ட் பின்னால் நிற்பதுதான். அப்போது சேம்பர் எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அப்படித்தான் வடிவமைத்தார்கள். ட்ரிகரை அழுத்தியதும் போல்ட் முன்னால் பாய்கிறது. பாயும் வழியில் தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினிலிருந்து தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் நுழைத்து, பூட்டி, சுட்டுவிடுகிறது. எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்து முடிந்துவிடும். ஆகவே "சேம்பர் காலி" என்ற வார்த்தைக்கு ப்ரென்னில் ஒரு மதிப்பும் கிடையாது. மேகசின் மேலே மாட்டியிருக்கிறதா, அதில் தோட்டா இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகசின் மாட்டிய நிலையில் காக்கிங் ஹேண்டிலைப் பாதி இழுத்துக் கை நழுவினால், போல்ட் முழுதாகப் பின்னால் போய்ப் பிடிபடாமலேயே முன்னால் பாயும். தோட்டாவின் பின்புறத்தை அது தாண்டி வந்திருந்தால் துப்பாக்கி சுட்டுவிடும். அந்த நேரத்தில் ட்ரிகரை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம்.

"ஏன் இப்படி ஆபத்தாகச் செய்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சூடுதான் காரணம். தொடர்ந்து சுட்ட பேரல் கொதிக்கும். அதற்குள் ஒரு தோட்டா சும்மா கிடந்தால் சூட்டிலேயே வெடித்துவிடும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி வைத்தால் சேம்பரும் பேரலும் இரு முனையிலும் திறந்து காற்றாடும். போர்க்களத்தில் சரியாக இருந்த ஏற்பாடு இது. தெரியாத கையில்தான் அது ஆபத்தாகிறது.

இந்தத் துப்பாக்கி ஒரே நாளில் பிறந்ததல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் ப்ர்னோ நகர ஆயுதத் தொழிற்சாலையில் வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த இசட்பி 26தான் இதன் மூலம். முதல் உலகப் போர்க்காலத்து லூயிஸ் துப்பாக்கிக்கு மாற்று தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவம் 1930களின் தொடக்கத்தில் அதைச் சோதித்தது. பிடித்துவிட்டது, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூலத் துப்பாக்கி 7.92 மி.மீ. தோட்டாவுக்கானது. பிரிட்டிஷாரின் .303 தோட்டாவுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு, உள்ளே இருந்ததோ கார்டைட் வெடிமருந்து. விளிம்பினால் மேகசினை வளைவாகச் செய்ய வேண்டியிருந்தது. கார்டைட் கரி அதிகம் விடும் என்பதால் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் வாயுவை எடுக்கும் கேஸ் துளையைப் பேரலின் முனையிலிருந்து பின்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. ஒரு மாதிரியைச் சோதித்து, குறை கண்டு, அடுத்ததைச் செய்து, மீண்டும் சோதித்து வருடங்கள் போயின. 1935இல் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. 1937 செப்டம்பரில் என்ஃபீல்டில் முதல் துப்பாக்கி முடிந்தது. ப்ர்னோவின் முதல் எழுத்துகளும் என்ஃபீல்டின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததே ப்ரென் என்ற பெயர்.

இங்கே நம் நாட்டுக் காட்சியகங்களுக்கு ஒரு வார்த்தை. லூயிஸுக்கு மாற்று தேடிய பிரிட்டிஷ் சோதனைப் போட்டியில் ப்ரென்னிடம் தோற்ற விக்கர்ஸ்-பெர்தியே துப்பாக்கியை 1933இல் இந்திய ராணுவம் ஏற்றுக்கொண்டது. வங்காளத்தில் இஷாபூர் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. மேலே வளைந்த மேகசின், முன்னால் இரட்டைக் கால்கள் என்று பார்வைக்கு ப்ரென் போலவே இருக்கும். அதற்கு "ப்ரென்" என்று அட்டை எழுதி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்த பிறகு அட்டை எழுதுங்கள். நம் சொந்தத் தொழிற்சாலையின் உழைப்பு அது, பெயர் மாறிப் போகக் கூடாது.

1940இல் டன்கர்க்கில் ஆயிரக்கணக்கான ப்ரென்களைக் கடற்கரையிலும் சாலைகளிலும் விட்டுவிட்டுத்தான் பிரிட்டிஷ் படை கப்பலேறியது. அதன் பிறகு உற்பத்தி முடுக்கிவிடப்பட்டது. கனடாவில் டொரன்டோவின் இங்லிஸ் தொழிற்சாலையும் ஆஸ்திரேலியாவின் லித்கோவும் செய்தன. இங்லிஸில் பெண்கள் பெருமளவில் வேலை பார்த்தார்கள். விரைவாகச் செய்வதற்காக வடிவத்தை எளிமையாக்கியது மார்க் 2. எடையைக் குறைத்துப் பேரலைக் குட்டையாக்கியது மார்க் 3.

"ப்ரென் சிக்கவே சிக்காது" என்பது அடுத்த கதை. ஓய்வு பெற்றவர்களே இதைச் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் அது சிக்காததற்குக் காரணம் அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. மேகசின் 30 தோட்டா கொள்ளும். ஆனால் ஸ்பிரிங் சோர்ந்துவிடக் கூடாது என்று 28தான் நிரப்புவார்கள். ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். ஒன்று மாறினால் இரண்டு விளிம்புகள் கொக்கி போட்டுக்கொண்டு துப்பாக்கி நின்றுவிடும். கரி ஏறித் துப்பாக்கி மந்தமானால் வாயுவின் அளவை மாற்றும் கேஸ் ரெகுலேட்டரை அடுத்த துளைக்குத் திருப்ப வேண்டும். வேகமாகச் சுடும்போது பத்து மேகசினுக்கு ஒரு முறை பேரலை மாற்ற வேண்டும், அதற்காகவே இரண்டாவது ஆள் மாற்றுப் பேரலைச் சுமந்து வருவார். அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைக்கும் பகுதியான பிரைமர் உப்பு விடும், துருவை வரவழைக்கும். சுட்டு முடித்த பேரலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். துப்பாக்கி சம்பாதித்த பெயரில் பெரும்பங்கு இந்தப் பழக்கங்களுடையது. பழக்கங்களை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய துப்பாக்கியிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் ட்ரிகரில் சிறுமியின் விரலை வைக்கிறது.

"ப்ரென் தேவைக்கு அதிகமாகத் துல்லியமானது, குண்டுகள் ஒரே இடத்தில் விழும், அதனால் தேய்ந்த பேரலைப் போட்டுச் சுட்டார்கள்" என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, நினைவு மண்டபத்தில் இருந்த துப்பாக்கிக்கு எண் பொருந்தாத பேரலைத் தேடிப்பிடித்து மாட்டியவர்கள்கூட உண்டு. இந்தக் கதைக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ரேஞ்சில், நிதானமாகப் படுத்து, காகித இலக்கில் சுட்டால் ப்ரென்னின் குண்டுகள் நெருக்கமாக விழும், உண்மைதான். அதைப் பார்த்து "இவ்வளவு நெருக்கம் எதற்கு?" என்று கேட்பவர் விக்கர்ஸ் மீடியம் மெஷின் கன்னை மனத்தில் வைத்துக் கேட்கிறார். விக்கர்ஸ் முக்காலியில் நின்று, தண்ணீரால் குளிர்ந்து, வெகு தொலைவில் ஒரு சாலையையோ ஒரு சரிவையோ மணிக்கணக்கில் மூடி வைக்கும். அதற்குப் பரவல் வேண்டும். ப்ரென் பத்துப் பேர் கொண்ட செக்ஷனின் துப்பாக்கி. ஒரு ஜன்னல், ஒரு புதர், ஒரு பங்கர் வாய் என்று பார்த்து நான்கைந்து குண்டு சுடும். அந்த நேரத்தில் அதே செக்ஷனின் மற்ற ஆட்கள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிரியின் தலையை ப்ரென் அழுத்தி வைக்க, இவர்கள் நெருங்க வேண்டும். ப்ரென்னின் குண்டுகளுக்கும் இவர்கள் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி கடைசி நிமிடங்களில் மிகக் குறைவு. குண்டுகள் நெருக்கமாக விழுந்தால்தான் துப்பாக்கி கடைசி நொடிவரை சுட முடியும். தேய்ந்த பேரலில் குண்டு சரியாகச் சுழலாது, குறுக்காகத் திரும்பிப் பறக்கும், எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாது. தன் ஆட்கள் முன்னால் ஓடும்போது அப்படிப்பட்ட பேரலை விரும்பி மாட்டும் துப்பாக்கிக்காரர் யார்? அகலமாகச் சுட வேண்டுமென்றால் தோளைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த தொடரைச் சுடுவார், வேலை முடிந்தது. பேரல் தேய்ந்தால் ஆர்மரர் அளவு பார்த்துக் கழித்துவிடுவார், அதைத் தூக்கிப் போற்ற மாட்டார்.

ஜெர்மானியரின் எம்ஜி 42 நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று, ப்ரென் சுமார் 500 என்று எண்ணை வைத்து வெற்றி தோல்வி சொல்கிறார்கள். ஜெர்மானியச் செக்ஷன் அந்தத் துப்பாக்கியைச் சுற்றியே அமைந்தது, மற்றவர்கள் அதற்குத் தோட்டாப் பட்டை சுமந்தார்கள். பிரிட்டிஷ், இந்தியச் செக்ஷனில் ரைஃபிள்காரர்கள் முன்னேறினார்கள், ப்ரென் அவர்களுக்குத் துணை நின்றது. ஒவ்வொருவர் பையிலும் ப்ரென்னுக்கான மேகசின்கள் இருந்தன. துணைச் சூடு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கூர்க்கா வீரர் தாமன் குருங்கைத்தான் சொல்வேன். 1944 நவம்பர் 10, இத்தாலியின் மோன்டே சான் பார்த்தோலோ. கையில் இருந்த டாமி கன் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா தீர்ந்தது, கையெறி குண்டுகளும் தீர்ந்தன. ஒரு ப்ரென்னை எடுத்துக்கொண்டு மறுபடியும் மலைமுகட்டுக்குப் போய், எதிரியின் கண்ணெதிரே இரண்டு மேகசின்களைச் சுட்டுத் தீர்த்தார். அதற்குள் தோழர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவர் திரும்பவில்லை. விக்டோரியா கிராஸ் அவர் இறந்த பிறகு வந்தது.

போருக்குப் பிறகு ப்ரென் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. நம் நாட்டிலும் அந்த வடிவம் எல்.எம்.ஜி. 1பி என்ற பெயரில் பல பத்தாண்டுகள் சேவையில் இருந்தது. அதனால்தான் இது வெறும் பழைய போர்க் கதை அல்ல என்கிறேன். இதைக் கையாண்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், இதன் பயிற்சி வடிவங்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன.

இனி தயவுசெய்து நான் சொல்வதைச் செய்யுங்கள்.

துப்பாக்கியைக் காலி செய் என்று பொருள்படும் "காலி கர்" என்ற இந்திக் கட்டளைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேகசின் கழற்று. பிறகுதான் காக்கிங் ஹேண்டிலை முழுதாக இழு. கண்ணால் சேம்பரைப் பார், மேகசின் வாயைப் பார். குழாய் பாதுகாப்பான திசையில் இருக்கும்போது ட்ரிகரை அழுத்தி போல்ட்டை முன்னால் விடு. இந்த வரிசையை மாற்றி, மேகசினை மாட்டியபடியே போல்ட்டை முன்னால் விட்டால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். பயிற்சித் துப்பாக்கியிலும் இதே வரிசையைத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் கை கற்றுக்கொள்வது அங்கேதான்.

துப்பாக்கியில் பயிற்சிக்கு மட்டும் என்ற டி.பி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல், பேரலில் துளை இருக்கிறதா, தோட்டாவைத் தட்டிச் சுடும் ஊசியான ஃபயரிங் பின் வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஆர்மரரை அழைத்து உறுதி செய்யுங்கள். எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வெவ்வேறு துப்பாக்கிகளின் பேரலையோ போல்ட்டையோ கலக்காதீர்கள். செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கு நல்ல பாகம் ஒன்று தெரியாமல் போய்விட்டால் பிறகு யாராலும் பொறுப்பேற்க முடியாது. பெயின்ட், வார்னிஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மெல்லிய எண்ணெய் போதும்.

பார்வையாளர் கையில் கொடுக்காதீர்கள். எத்தனை பெரிய மனிதர் வந்து புகைப்படம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தாத்தா கொண்டுவந்ததாக வீட்டில் ஏதாவது இருந்தால், தானியங்கித் துப்பாக்கி 1959 ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம் என்பதை நினைவில் வையுங்கள். மறைத்து வைக்க வேண்டாம், வழக்கறிஞரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். கோஹிமா, இம்பால் பக்கம் சுற்றுலா போகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். போர் நடந்த அந்த மண்ணில் தோட்டாவும் குண்டும் இன்றும் வெளியே வருகின்றன. துருப்பிடித்தது செத்துப்போனது என்று நினைத்து எடுத்துப் பையில் போடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு விலகி வந்து காவல்துறையிடம் சொல்லுங்கள்.

கோத்துக்கு, அதாவது ஆயுத அறைக்கு, பொறுப்பான ஆசிரியர்களே, அடுத்த முறை அலமாரியைத் திறக்கும்போது எல்லா மேகசின்களையும் எடுத்து வேறு பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தச் சாவியை உங்களிடம் வைக்காமல் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.