"என்ன வேலை?" என்பது ஒரு கேள்வி அல்ல, பல கேள்விகள்

நெஞ்சக நோய் மருத்துவனாகிய நான் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "கூலி வேலைங்க", "மில்லுலங்க" என்று ஒற்றைச் சொல்லில்தான் பெரும்பாலும் பதில் வரும். அதை அப்படியே ஓபி சீட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது எங்கள் பக்கத்துக் குறை. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் வகுத்த கேள்விகளோடு நோயாளியின் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதியது 1700-இல்.

ஐம்பது வயதைக் கடந்த இரவுக் காவலாளி ஒருவர் மூச்சிரைப்போடு வந்தார். சளியில் கிருமி தென்படாதபோதும், எக்ஸ்ரேயை வைத்து இருமுறை காசநோய் மருந்து தரப்பட்டிருந்தது. தவறாமல் சாப்பிட்டும் இரைப்பு குறையவில்லை. "வாட்ச்மேன் வேலைக்கு முன்னால்?" என்று கேட்ட பிறகுதான், கல் கிரஷரில் 12 ஆண்டுகள் இருந்ததைச் சொன்னார். நுரையீரலின் மேற்பகுதியில் சிதறிக் கிடந்த சிறு புள்ளிகள் சிலிக்கோசிஸ் என்னும் நோயின் அடையாளங்கள். கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா, நுரையீரலைத் துப்புரவாக்கும் விழுங்கணுக்களைச் சிதைத்து, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் நோய் முற்றக்கூடும். காசநோய்க் கிருமியை எதிர்ப்பவையும் அதே அணுக்கள் என்பதால் இவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும். ஆகவே முன்பு மருந்து கொடுத்தவரை நான் முழுதாகக் குறைசொல்லமாட்டேன்.

நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், அதைச் சீவும் கார்டிங் பிரிவுகளில் பஞ்சுத் தூசி அதிகம். அங்கிருந்து வருபவரிடம், வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்குகிறதா என்று கேட்பேன். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பைசினோசிஸுக்கு அதுவே முதல் தடயம். பாடநூல்கள் அதைத் திங்கட்கிழமை என்கின்றன, நம் மில்களில் வார விடுமுறை ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

"வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்னும் பெண்களிடம் இன்னும் பொறுமை தேவை. அந்தச் "சும்மா"வுக்குள் நாள் முழுவதும் புகையிலைத் தூளோடு பீடி சுற்றுவதும், பல ஆண்டுகளாக ஊதிய விறகடுப்பும் இருக்கும்.

நம் ஊரில் தொழிலைக் கேட்பது சாதியைக் கேட்பதாகவும் ஒலிக்கும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர் "முனிசிபாலிட்டி வேலை" என்று நிறுத்திக்கொள்வது அதனால்தான். எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அருகில் ஆள் இல்லாதபோது கேட்டால் பதில் நீள்கிறது.

தொழில்நோய்க்கு இழப்பீடு என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் கிரஷரில் வேலை செய்ததற்கு அந்தக் காவலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அவருடைய பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றிலும் தொழில் என்ற இடத்தில் "வாட்ச்மேன்" என்றே எழுதியிருந்தது. அதன் கீழே அந்தப் 12 ஆண்டுகளையும் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.