காலனி: விண்மீனுக்குப் போனபின் அந்தச் சொல் பொருந்துமா?

அறிவியல் புனைகதைகளில் மனிதர்கள் வேற்றுலகில் குடியேறிய ஊரைக் காலனி என்று எழுதுகிறோம். முதலில் எழுத்து. இரண்டு சுழி 'ன' போட்டால்தான் குடியேறிய இடம். மூன்று சுழி 'ண' போட்டால் செருப்பு. 'செவ்வாய்க் காலணி' என்று அச்சிலேயே பார்த்துச் சிரித்திருக்கிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் பொருளைத் திருத்துவதுதான் கடினம்.

லத்தீனில் 'கோலெரே' என்றால் உழுவது, ஓரிடத்தில் தங்கி வாழ்வது. உழுபவன் 'கோலோனுஸ்', அவன் வாழும் இடம் 'கோலோனியா'. கல்ச்சரும் அக்ரிகல்ச்சரும் இதே வேரில் கிளைத்தவை. ரோமானியர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு வென்ற நாட்டில் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்களுக்கு இப்பெயரை வைத்தார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரம் அந்தப் பெயரை இன்னும் விடவில்லை. ஐரோப்பியப் பேரரசுகளின் காலத்தில் ஏர் மறைந்து அதிகாரம் முன்னால் வந்தது. கட்டளை தலைநகரிலிருந்து வரும், செல்வம் தலைநகருக்குப் போகும். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த காலனி இந்தப் பொருளைச் சுமந்துகொண்டுதான் வந்தது.

ஒளியைவிட மெதுவாகப் போகும் விண்கப்பல்களை வைத்துக் கதை எழுதுபவர் இடறும் இடம் இதுதான். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டிவிட்டால் 42 ஆண்டில் போய்விடலாம். ஆனால் அந்த வேகத்தில் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 100 கிலோடன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம், அதாவது ஹிரோஷிமா குண்டு ஆறேழு. போய்ச் சேர்ந்ததும் நிற்க வேண்டுமே, அந்த வேகத்தையெல்லாம் மறுபடி இறக்கியாக வேண்டும். இந்தச் செலவில் கனிமம் வெட்டிப் பூமிக்கு அனுப்பும் காலனியைக் கதையில் வைத்தால், கணக்குத் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

கட்டளைக்கும் இதே கதிதான். டாவ் செட்டி என்ற விண்மீன் 12 ஒளியாண்டு தொலைவு; ஒளிவேகத்தில் போகும் செய்திக்கு ஒருவழிக்கே 12 ஆண்டு. அங்குள்ள ஊர்த்தலைவி 30 வயதில், "அணையில் விரிசல் விட்டிருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று பூமியைக் கேட்கிறாள். பதில் வரும்போது அவளுக்கு 54 வயது. அதற்குள் அணை உடைந்து, புதிது கட்டி, அதிலும் விரிசல் விட்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரை யாரும் ஆள முடியாது. ஆளப்படாத ஊரைக் காலனி என்பது பொருந்தாது.

கிரேக்கர்களிடம் இதற்கு நல்ல சொல் இருந்தது: 'அபோய்கியா'. 'அபோ' என்றால் விலகி, 'ஓய்கோஸ்' என்றால் வீடு. புறப்பட்ட ஊருக்குப் பெயர் 'மெட்ரோபொலிஸ்', தாய்நகர். தாய்நகரின் அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். போன பிறகு பெரும்பாலும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். கொரிந்து என்ற கிரேக்க நகரத்தார் போய் அமைத்த கார்சைரா என்ற ஊர், பின்னால் தாய்நகரோடேயே கடற்போர் செய்தது. விண்மீன்களுக்கு இடையிலான உலகைக் கதையில் கட்டுபவர் ரோமைவிட இந்த உறவையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? 'குடியேற்றம்' புழக்கத்தில் இருக்கிறது. செயலைச் சொல்ல அது போதும். இடத்தைச் சொன்னால் இடிக்கிறது: 'குடியேற்றத்தில் மின்சாரம் போய்விட்டது' என்று எழுதிப் பாருங்கள். தவிர, காலனித்துவத்தை இலங்கைத் தமிழில் குடியேற்றவாதம் என்றும் எழுதுகிறார்கள். ஆகவே அதிகார வாடை அதிலும் கொஞ்சம் உண்டு.

என் தேர்வு 'விண்குடி'. குடி என்பது வீடு, குடும்பம், குலம் என எல்லாவற்றையும் குறித்த சொல்; ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் நின்று பழகியது. 'விண்குடியில் மின்சாரம் போய்விட்டது' என்பது இயல்பாகவே வருகிறது. தனியாகக் குடி என்றால் மது நினைவுக்கு வரலாம். விண்ணோடு சேர்த்துவிட்டால் அந்த மயக்கம் தெளிந்துவிடும். 'மீன்குடி' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், மீனவர் ஊராகிவிடும்.

கூடவே இன்னொரு பழஞ்சொல்லையும் கையில் வைத்துக்கொள்ளலாம். வேற்றுமொழி வழங்கும் நிலத்தைச் சங்கப் பாடல்கள் 'மொழிபெயர் தேஎம்' என்கின்றன. 42 ஆண்டுப் பயணத்திலும் அதற்குப் பிறகு மண்ணில் பிறக்கும் இரண்டு மூன்று தலைமுறையிலும் பேச்சு நிச்சயம் மாறும். பூமியிலிருந்து வரும் செய்தியை உங்கள் விண்குடியில் ஒரு கிழவி பேரனுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் காட்சிக்கு இந்தச் சொல் பொருந்தும்.