சாவி வாங்கும் அவசரத்தில் வட்டியைக் கோட்டை விடாதீர்கள்

சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் 14 மாடிக் கட்டடத்தில் வீடு பதிந்த குடும்பம் அது. சொன்ன தேதி போய் இரண்டரை வருடம். ஒருவழியாகச் சாவி தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். போன இடத்தில் சாவிக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள்: "தாமதம் குறித்து எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை." ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் இஎம்ஐ, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இப்படி நான் பார்த்த நான்காவது குடும்பம் இது.

அவர்கள் விட்டுவிட்டு வந்தது என்ன? 2016-ம் ஆண்டு ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-வது பிரிவு தரும் உரிமை. ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்குள் ஒப்படைக்கவில்லை என்றால் வீடே வேண்டாம் என்று முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது வீட்டையும் வைத்துக்கொண்டு, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர், அதாவது கடனுக்கான அடிப்படை வட்டி விகிதத்தோடு 2 சதவீதம். ஒப்பந்தத்தில் பில்டர், நீங்கள் தவணை தாமதித்தால் தனக்கு 18 சதவீதமும், தான் தாமதித்தால் உங்களுக்குச் சதுர அடிக்கு ஏதோ சில்லறையும் என்று எழுதியிருப்பார். இரு தரப்புக்கும் ஒரே விகிதம்தான் என்கிறது சட்டம். கடை, அலுவலகம் வாங்கியவர்களுக்கும் இதே உரிமை உண்டு. ரெரா வீட்டுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் பொறி, தேதி. "ரெரா இணையதளத்தில் போட்ட முடிவுத் தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே" என்பார்கள். அது பில்டர் பதிவின்போது தானே எழுதிக் கொடுத்த தேதி. கணக்கு ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தமே இல்லாதவர் எந்தத் தேதியைக் காட்டுவார்? பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 'ப்ரீ-லான்ச் ஆஃபர்' என்று 30 சதவீதம் கட்டிவிட்டு வெறும் ரசீதோடு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். நம் ஊரில் இன்னொரு தொல்லை: யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்குக்கான கிரயப் பத்திரம் தனி, கட்டுமான ஒப்பந்தம் தனி என்று போடும் பழக்கம். ஒப்படைக்கும் தேதி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது சிசி, அதாவது பணி நிறைவுச் சான்று. இது போன்ற பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எதுவும் கிடைக்காது. "அப்ளை பண்ணிட்டோம் சார், வந்துடும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் திணிப்பார்கள். அன்றிலிருந்து தாமதக் கணக்கு நின்றுவிட்டது என்று பின்னால் வாதாடுவார்கள்; பராமரிப்புக் கட்டணத்தையும் அன்றிலிருந்தே கேட்பார்கள். சான்று வந்து இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்வது உங்கள் கடமை. வராத சான்றுக்கு அந்தக் கடமை இல்லை. நகலைக் கேளுங்கள்; விண்ணப்ப ரசீது சான்று ஆகாது.

அந்தத் தாளுக்கு வருவோம். கோரிக்கையை விட்டுக்கொடுத்தால்தான் பத்திரம் என்று வாங்குபவரை நெருக்குவது நியாயமல்ல என்று அதே 2020-ல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் வழக்காடுவது எதற்கு? வேறு வழியே இல்லை என்றால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "தாமத வட்டிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்." அதைப் படம் பிடித்து அன்று இரவே பில்டருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

புகார் கொடுக்கும் இடத்தில் அலைச்சல் தொடங்கும். பணம் திரும்ப வேண்டும், தாமத வட்டி வேண்டும் என்றால் ரெரா ஆணையத்துக்குப் படிவம் எம். மன உளைச்சலுக்கு, கட்டிய வாடகைக்கு இழப்பீடு என்றால் ரெராவின் தீர்ப்பளிக்கும் அலுவலருக்குப் படிவம் என். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் பாதி அடிபடும். மாதங்கள் கழித்துத்தான் அது தெரியவரும். இது ஏன் மக்களுக்குப் புரிகிற மாதிரி இருக்கக் கூடாது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வீடு வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் கேட்டு வைத்தால் பில்டரின் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

உத்தரவு வந்துவிட்டதால் பணம் வந்துவிடாது. பில்டர் கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். நில வரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லும் வருவாய் வசூல் சான்று மாவட்ட ஆட்சியருக்குப் போகும். அங்கிருந்து தாலுகா அலுவலகம். அங்கே கோப்பு தூங்கும். எதை ஜப்தி செய்வது என்று தேடிக் கண்டுபிடிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. விற்காமல் கிடக்கும் யூனிட்டுகள், பில்டர் பெயரில் உள்ள மனைகளின் சர்வே எண்கள், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நீங்களே சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அசைவு இருக்கும்.

"அப்பீல் போட்டிருக்கிறோம்" என்று சொன்னால் உடனே பின்வாங்காதீர்கள். உங்களுக்குத் தர வேண்டிய தொகை முழுவதையும் வட்டியோடு முதலில் கட்டினால்தான் பில்டரின் மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுப்பார்கள். கட்டினாரா என்று எழுத்தில் கேளுங்கள்.